ஒஸ்லோவில் ஒரு குகைக்குக் காவல்

மியூசியக் காவல் என்பது ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. நின்று நின்றே கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் காத்தது ஒரு குகையை. கரீபியன் தீவுகளின் ஆதிக்குடிகளான தைனோ மக்கள் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குள் கரியால் வரைந்த உருவங்களை ஒரு கண்காட்சிக்காக அப்படியே பார்த்து வரைந்து, பிளாஸ்டரில் குகையும் கட்டியிருந்தார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே வட்டக் கண்களோடு அந்த உருவங்கள்.

அனுமதி

துப்புரவு வேலைக்கு வந்த மரியா அந்தத் தீவுகளில் பிறந்தவள். குகை வாசலில் வாளியை வைத்துவிட்டு, ஏதோ முணுமுணுத்து, கொஞ்சம் காத்திருந்துதான் உள்ளே போவாள். "இது வெறும் பிளாஸ்டர்தானே?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"குகை பொய்தான். முகங்கள் பொய் இல்லையே."

மூச்சு

குகைக்குள் தண்ணீர் சொட்டுவதும் வௌவால் சிறகடிப்பதும் ஒலிபெருக்கியில் கேட்கும். அது பழுதாகி, ஒருநாள் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று தனியாக உள்ளே போன ஒரு நோர்வீஜிய முதியவர் காதைத் தேய்த்தபடி வெளியே வந்து, மூச்சுச் சத்தம் அதிகம், குறைக்கச் சொல்லுங்கள் என்றார். இன்று சத்தமே போடவில்லை, நானும் வாசலை விட்டு அசையவில்லை என்றேன். குகை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியென்றால் என் பின்னால் நின்றது யார்?"

சட்டை

நகரத்தின் ஓரத்தில் எங்கடை ஆட்கள் அதிகம் இருக்கிற ஸ்டோவ்னரில் இருந்து ஒரு அக்கா வந்தா. ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போன கணவரைப் பற்றி வருசக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் பொட்டை அழிக்காதவ. "தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று ஒரு பலகையைக் காட்டினா. நோர்வீஜிய மொழியில் இருந்ததை யோசிக்காமல் வாசித்துச் சொன்னேன்.

"செத்தவை உயிரோடை இருக்கிறவை மாதிரியே வருவினமாம், அக்கா. தொப்புள் இல்லாததை வைச்சுத்தான் கண்டுபிடிக்கலாமாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா அழவில்லை. சுவரில் இருந்த உருவத்தின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு ஜக்கெட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு மெல்லச் சொன்னா:

"வீட்டிலை ஒருநாளும் சட்டை போடாத மனுசன், தம்பி. கனவிலை வரேக்கை மட்டும் சட்டையோடைதான் வாறார்."

அந்தக் கண்காட்சி முடியும்வரை ஒரு பொருளும் களவு போகவில்லை, என் நித்திரையைத் தவிர.