பிரெஞ்சுப் புரட்சியில் வெட்டிய பூக்கள்

ஆறாம் வகுப்பில் எனக்குக் கைவேலையில் முதல் பரிசு கிடைத்தது. ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா. அதைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பெருமையாகப் பேசியதில்லை. என் பிள்ளைகள் பள்ளியில் ஏதாவது வாங்கி வந்து, நீ என்னம்மா வாங்கினாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். திருடி வாங்கிய பரிசை எந்த முகத்தோடு சொல்வது?

அப்போது நாங்கள் அம்பத்தூரில், எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பா எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். அப்பா, அம்மா, நான் தவிர வீட்டில் மாமாவும் இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிறவியிலேயே கண் தெரியாதவர். பூந்தமல்லியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு, தபால்வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தார். அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அயனம்பாக்கத்தில் தாத்தா வீட்டில் அவருக்குப் பாடம் படித்துக்காட்ட ஆள் இல்லை. அங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளை அப்பா கல்யாணம் செய்து அழைத்து வந்துவிட்டார்.

அந்த ஆள், அதாவது அம்மா, எட்டாவது வரை படித்தவள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்காருவாள். பாடப் புத்தகத்தை விரித்து, வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்களோடு மல்லுக்கட்டிப் படிப்பாள். மாமா எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டங்கள் வெட்டிய ஒரு தகட்டுச் சட்டத்தில் தடித்த தாளைப் பொருத்தி, கட்டைப்பிடி போட்ட ஊசியால் குத்திக்கொண்டே வருவார். தாளைத் திருப்பினால் குத்திய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும். அதுதான் அவருடைய எழுத்து. ஒரு பாடம் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அம்மா படித்ததெல்லாம் அப்படித் தாளாகி ஒரு ரெக்ஸின் பைக்குள் சேர்ந்தது. படுக்கவைத்தால் புள்ளிகள் நசுங்கிவிடும் என்று அந்தப் பையை மாமா சுவரில் சாய்த்து நிறுத்தியே வைத்திருப்பார். பி.ஏ. முடித்தால் வேலை, வேலை வந்தால் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் அவருக்கு என்ன குறை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக ஒரு கைவேலை டீச்சர் வந்தார். அதுவரை கைவேலை என்றால் கைக்குட்டை ஓரம் தைப்பதுதான். இவர் வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக்கொடுத்தார். அட்டையில் ஒரு மாங்காய் வடிவத்தை வெட்டி மேசைமேல் வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு, ஸ்பூனின் முதுகால் ஓரம் ஓரமாகத் தேய்த்தால், தாளில் மாங்காய் தானாக எழுந்து நிற்கும். மை கிடையாது, வர்ணம் கிடையாது, வெறும் மேடுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். எனக்கு அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் நோட்டுத் தாளில் தேய்த்தால் கிழிந்தது. சார்ட் தாள் வாங்கித் தரச் சொன்னால் அம்மா முறைத்தாள். எங்கள் வகுப்பில் ராணுவக் குடியிருப்பிலிருந்து வந்த பெண்கள் வழுவழுப்பான தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். என்னுடைய மாங்காய் மட்டும் கிழிந்த மாங்காயாகவே இருந்தது.

என் அழுகையைப் பார்த்து அப்பா ஒரு காரியம் செய்தார். கம்பெனியில் அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் டை என்ற அச்சுக்குப் போடும் கத்திப் பட்டையில் மிஞ்சிய ஒரு துண்டை ஐந்து இதழ் பூவாக வளைத்து, ஒரு மரக்கட்டையில் பதித்துக் கொண்டுவந்தார். பூவுக்குள் பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார். தாளின்மேல் வைத்து சுத்தியால் ஒரு அடி அடித்தால், ரப்பர் அமுங்கி எழும்பும்போது வெட்டுப்பட்ட பூ கத்தியில் சிக்காமல் துள்ளி வெளியே விழும். அந்தப் பூ விழும் சுகத்துக்காகவே நான் வீட்டிலிருந்த காலண்டர், மருந்து டப்பா, பஞ்சாங்கத்தின் அட்டை எல்லாவற்றையும் அடித்து முடித்தேன்.

அதன் பிறகு மாமாவின் தாளுக்கு வந்தேன். முதலில் அவரே கொடுத்ததுதான். வரி தப்பிப்போன தாள்களை, "இந்தா பாப்பா, கப்பல் வுடு" என்று என்னிடம் தள்ளிவிடுவார். நல்ல தடிமன். அடித்துப் பார்த்தேன். பூ முழுக்கப் புள்ளிகள், மகரந்தம் தூவியதுபோல. ஆனால் உள்ளேயிருந்த செருப்பு ரப்பர் புள்ளிகளை நசுக்கியது. ரப்பரைப் பிய்த்துவிட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சை ஒட்டினேன். இப்போது ஒரு புள்ளிகூட நசுங்கவில்லை. இதழ்களை லேசாக மேலே வளைத்து, நடுவில் மட்டும் பசை தொட்டு அட்டையில் ஒட்டினேன். அந்தப் புள்ளிகளைக் காப்பாற்ற நான் எடுத்துக்கொண்ட அக்கறையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

டீச்சர் அந்த அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். இவ்வளவு நுணுக்கமாக எப்படிச் செய்தாய் என்று கேட்டார். ஊசியால் நானே ஒவ்வொன்றாகக் குத்தினேன் டீச்சர் என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. வழுவழுப்புத் தாள் பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டுவிழாப் பொருட்காட்சிக்கு இதேபோல இருபது அட்டை செய்து தரவேண்டும் என்று டீச்சர் சொன்னார். தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தேன்.

மாமா கழித்துப்போட்ட தாள்கள் நான்கு அட்டையோடு தீர்ந்துவிட்டன. அவர் கைதேர்ந்தவர், அதிகம் தப்பு செய்யமாட்டார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் ஒருநாள், அவர் வாசல் குழாயில் குளித்துக்கொண்டிருந்தபோது, ரெக்ஸின் பையின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினேன். மறுநாள் இரண்டு. மொத்தம் பதினொன்று. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. அது பாடம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தாள் இருக்கிறதே, அவருக்குத்தான் கண் தெரியாதே என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளையே நினைத்தேன்.

பொருட்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா பையைத் திறந்து திருப்பிப் படிக்க உட்கார்ந்தார். விரல் வரிமேல் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. அடுத்த தாளை எடுத்தார், முந்தைய தாளைத் தொட்டார். பிறகு எல்லாத் தாளையும் வெளியே எடுத்து எண்ணினார். பிரெஞ்சுப் புரட்சியில் பாதியைக் காணவில்லை. அந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வி ஒன்று கட்டாயம் வரும், மே மாதம் கடைசி வருடப் பரீட்சை. அம்மா பெட்டியை இழுத்தாள், பாயை உதறினாள், பிறகு அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்டா பாவி. போன வாரம் பழைய பேப்பர்காரனுக்குப் போடறப்போ இதையும் சேத்துப் போட்டுட்டேன் போல கீது."

"வுடுக்கா, எங்கனா இருக்கும்" என்றார் மாமா.

அம்மா அன்று முழுக்க அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். கையெழுத்து கோணாமல் எழுதினேன் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் அம்மா பேப்பர்காரரைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், அவரோடு சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். ஒரு வாய்ச்சொல்லில் முடியவேண்டியது. அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. வந்தால் பொருட்காட்சி போய்விடும், பரிசும் போய்விடும்.

பொருட்காட்சியில் என் அட்டைகளை நடுமேசையில் வைத்திருந்தார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பரிசு வாங்கிக் கீழே இறங்கியதும், நான் தடுக்கத் தடுக்க, என் அட்டைகளில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினாள். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் வாழ்த்து அட்டை வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அதை மாமாவின் கையில் திணித்தாள். புள்ளிகளை அவளும்தான் பார்த்தாள். பள்ளியில் கற்றுக்கொண்ட வேலை என்று நினைத்திருப்பாள். தன் பெண் திருடியிருப்பாள் என்று எந்த அம்மாவுக்குத் தோன்றும்?

"தொட்டுப் பாருடா. உன் மருமவ செஞ்சிருக்கா. பஸ்ட் பிரைஸு!"

மாமா அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய விரல் இதழின் ஓரத்தைச் சுற்றி வந்தது. பிறகு பூவுக்குள் போனது. இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது, அடுத்த வரிக்கு இறங்கியது. பக்கத்துப் பூவுக்குப் போய் மறுபடி முதல் பூவுக்கு வந்தார்.

"சோக்கா கீது பாப்பா" என்றார். விரலை எடுக்காமலே, "இது மாரி எத்தினி பூ வெட்டின?" என்று கேட்டார்.

அறுபது இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மாவுக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டாலும் அவருக்குத் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நான் எண்ணிக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

முழுப்பரீட்சை லீவு விட்டதும் மாமா என்னைக் கூப்பிட்டு, காணாமல்போன பக்கங்களை நான் படித்தால் மறுபடி குத்திக்கொள்வதாகச் சொன்னார். அம்மா பாவம், இடுப்பு வலி என்றார். இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. வெளியே பிள்ளைகள் நொண்டி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே படிப்பேன். வாயில் நுழையாத பெயர் வந்தால் அந்தப் பெயரைத் தாண்டினேன். பிறகு அந்தப் பெயர் இருக்கும் பத்தியையே தாண்டினேன். அப்புறம் ஒருநாள் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினேன். மாமா நான் சொன்னதையெல்லாம் அப்படியே குத்திக்கொண்டார். "அவ்ளோதானா?" என்று ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

பரீட்சையில் அந்த ஒரு வரலாற்றுத் தாளில் மட்டும் மாமா தேறவில்லை. மற்றதெல்லாம் நல்ல மதிப்பெண். அடுத்த வருடம் திரும்ப எழுதித் தேறினார். இடையில், பட்டம் இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு வேலை கையை விட்டுப்போனது. அந்த ஒரு வருடத்தையும் சேர்த்து இன்னும் இரண்டரை வருடம் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பிறகு ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர் ஆகி, கல்யாணம் செய்துகொண்டு, அண்ணனூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடிபோனார். அம்மா அதற்குப் பிறகு பேப்பர்காரருக்கு எதையுமே போட்டதில்லை. பழைய தாளெல்லாம் பரண் கொள்ளாமல் கரையான் பிடித்தது. கேட்டால், தம்பியின் ஒரு வருடத்தைத் தொலைத்த பாவி நான் என்பாள். இன்றைக்கும் சொல்கிறாள். இன்றைக்கும் நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனூர் வீட்டில் அத்தை கடைக்குப் போயிருந்த நேரம், மாமாவிடம் பூக்களைப் பற்றிச் சொன்னேன். தாண்டிப்போன பத்திகளைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. நான் அழ ஆரம்பித்ததும் மாமா சிரித்தார்.

"அன்னிக்கே தெரியும் பாப்பா. ஒரு பூவுல ரொட்டின்னு முழுசா இருந்துச்சு. ஜனங்க ரொட்டி கேட்டு ஊர்வலம் போவாங்களே, அந்த எடம். நானே குத்தினது எனக்குத் தெரியாதா?"

உங்கள் நல்ல மனசு மாமா, என்னைக் காட்டிக்கொடுக்காமல் மன்னித்துவிட்டீர்கள் என்றேன். வளர வளர, அவருக்குத் தெரிந்தேயிருக்கும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது; அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். மாமாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"மன்னிக்கிறதா? அன்னிக்கு உன்ன நாலு அறை அறையணும்னு கை துடிச்சுது. அறைஞ்சிட்டு எங்க போறது? உங்கப்பா போட்ட சோறு. அந்த ஊட்டுப் பொண்ணு மேல கைய வெச்சிட்டு, ராத்திரி அங்கயே எப்படித் தட்டு முன்னாடி குந்தறது?"

அத்தை காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். மாமா உடனே குரலை மாற்றி, இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருப்பதாகத்தான் பதினொரு வயதில் நான் நினைத்திருந்தேன். எனக்கு அது என் வீடு. அவருக்கு அது அக்கா புருஷன் வீடு.