வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆப்சென்ட்

கிராமப் பள்ளிகளுக்குப் போகவிருக்கும் இளம் ஆசிரியைகள் சிலர், "அந்தக் காலத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். சமாளிப்பதாவது, அந்தச் சொல்லே எங்கள் காதில் விழுந்ததில்லை. 1973 ஆகஸ்ட் கடைசியில் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய் நான் வெலவெலத்துப் போன கதையைச் சொல்கிறேன். அப்போது நான் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் படித்துப் போனவர்கள் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பார்த்து வருவதும் என் வேலைதான்.

தர்மபுரியில் காலை ஆறே காலுக்குப் பஸ். பாலக்கோட்டில் மாறி மாரண்டஹள்ளி போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஒன்றே முக்கால் ரூபாய். காலடி முழுக்கக் காலித் தக்காளிக் கூடைகள், காலை நீட்ட வழியில்லை. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் நடை. "ஓடையத் தாண்டி நேராப் போங்க டீச்சரம்மா. மழை புடிச்சா அங்கயே தங்க வேண்டியதுதானுங்க" என்று கண்டக்டர் பயமுறுத்தி அனுப்பினார். மழை வரவில்லை, செருப்பு வார்தான் அறுந்தது.

நான் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது. என் பழைய மாணவி சரோஜா இரண்டாம் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டால் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். "நூர்ஜஹான்" என்று கூப்பிட்டாள். ஜன்னலோரம் இருந்த எட்டு வயதுப் பெண் "நூர்ஜஹான்" என்றாள். சரோஜாவின் அதே குரல், அதே இழுப்பு. பிள்ளைகள் சிரித்தன. சரோஜா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆப்சென்ட் போட்டாள்.

கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஜூன் முழுக்க ஆப்சென்ட். ஜூலையும் அப்படியே. ஆகஸ்டும் அப்படியே.

"இந்தப் பொண்ணு தினமும் வர்றாளா?"

"ஒரு நாள் தவற மாட்டாளுங்க டீச்சர். ஆனா என் பேச்சையே திருப்பிச் சொல்லிக் கேலி பண்றா. கன்னடம் பேசுற வூட்டுப் பிள்ளைங்களே 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லப் பழகிட்டாங்க."

"அதுக்காக ஆப்சென்ட் போடுவியா?"

"நீங்கதானுங்களே சொல்லிக்குடுத்தீங்க. வாயத் தொறந்து பதில் சொல்லாத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடு, ரெண்டே நாள்ல வழிக்கு வரும்னு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேனுங்க."

சொன்னவள் நான்தான். வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். அதோடு விடாமல் சரோஜா இன்னொன்றும் சொன்னாள். நெடுநாள் வராதவர்கள் பெயரை அடித்து, அன்று சாயங்காலத்துக்குள் தலைமையாசிரியரிடம் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். அதில் நூர்ஜஹான் பெயர்தான் முதலில் இருந்தது. பெயர் போனால் பள்ளியும் இல்லை, மத்தியானச் சோறும் இல்லை.

சோற்று வேளைக்கு நூர்ஜஹானின் அம்மா வந்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் மனைவி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கத் தினமும் வருவாராம். அவரிடமே கேட்டேன்.

"கேலி இல்லீங்கம்மா. அவகிட்ட எதக் கேட்டாலும் கேட்டதத்தான் சொல்லுவா. 'தண்ணி வேணுமா'ன்னா 'வேணுமா'ம்பா. அதனால நான் கேக்கறதே இல்லீங்க. 'தண்ணி வேணும்'னு அவ சொல்ல வேண்டியத நானே சொல்லிருவேன். வேணும்னா அதையே சொல்லுவா, இல்லாட்டி கம்முனு இருப்பா. டீச்சரும் பதிலச் சேத்துக் கூப்புட்டுப் பாக்கட்டுமே."

எத்தனை வருஷம் வாத்தியார்களுக்கே வாத்தியாராக இருந்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு மத்தியான வருகைப் பதிவு. சரோஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூர்ஜஹான், உள்ளேன் டீச்சர்" என்றாள்.

"நூர்ஜஹான், உள்ளேன் டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. சரோஜா அந்தப் பெயருக்கு நேராக முதல் முறையாக வருகை போட்டாள். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுக்கத் தலைமையாசிரியர் முணுமுணுத்தார். மூன்று மாத ஆப்சென்ட்டுக்கு யார் பதில் சொல்வது என்றார். பிழை பயிற்சி கொடுத்தவளுடையது என்று பதிவேட்டின் ஓரத்தில் எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் அவர் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இப்போது பள்ளிக்கூட வாசல் வரை பஸ் போகிறதாம், நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் கெட்டியான செருப்பும் அவசியம். வகுப்பில் நுழைந்ததும் தலைகளை எண்ணிவிட்டு, அப்புறம் பதிவேட்டைத் திறங்கள். பேசாத பிள்ளை, சொன்னதையே திருப்பிச் சொல்கிற பிள்ளை இருந்தால் முதலில் அதன் அம்மாவிடம் கேளுங்கள். பிறகு புத்தகத்தைப் பாருங்கள்.

பயிற்சி வகுப்புக்கு வருமுன் காரிமங்கலம் பக்கம் மூன்று வருஷம் நானும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள்தான். நெடுநாள் ஆப்சென்ட் என்று அங்கே பதிவேட்டில் இரண்டு பெயர்களை அடித்திருக்கிறேன். அந்த இரண்டு பேரும் அன்று என் எதிரில் உட்கார்ந்திருந்தார்களா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.