மைதீன் பாயின் தாடி

மைதீன் பாயின் தாடி இந்த வருடம் மூன்று மாதத்துக்குள் மூன்று நிறம் மாறியது. எங்கள் அடுக்ககத்தில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்?

முழுப்பெயர் பக்கீர் மைதீன். மேலப்பாளையத்துக்காரர். நான் ஜகதீசன், அடுத்தாற்போல் இருக்கும் பாளையங்கோட்டை. ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டிவிட்டு ஹைதராபாதில், மல்காஜ்கிரியிலேயே தங்கிவிட்டேன். நான் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது மாடி. இந்த ஊரில் என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கட்டடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. லிஃப்ட், குளிர்சாதனம், தீயணைப்புக் குழாய் எல்லாம் அவர் கையெழுத்தில் ஓடும். விதி என்றால் அவருக்கு விதிதான். எங்கள் லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறது. ஏழாவதாக ஒரு கைக்குழந்தை ஏறினாலும் இவர் இறங்கிப் படியில் நடப்பார். "வே, அந்தப் பிள்ள மூணு கிலோ இருக்குமா?" என்று கேட்டால், "எழுதுனவன் யோசிச்சுத்தான் எழுதியிருப்பான் அண்ணாச்சி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாடியிலும் அப்படித்தான். நாற்பத்தைந்து வயதிலேயே நரைத்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை விட்டு மறு வெள்ளிக்கிழமை அவர் மனைவி ஜுலைகா மருதாணி குழைத்துக் கொடுப்பாள். தாடி செங்கல் நிறத்தில் இருக்கும். ஒருமுறை நான் கேட்டேன், இவ்வளவு பாடுபடுவதற்கு என்னை மாதிரி கறுப்படித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று. நபிகள் நரையை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் கறுப்பை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "கறுப்படிச்சா வயச மறைக்கிறது ஆயிரும் அண்ணாச்சி. பாக்கிறவனை ஏமாத்துற மாதிரி. மருதாணி போட்டா, கெழவன்தான், மருதாணி போட்டிருக்கான்னு எல்லாருக்கும் தெரியும்லா?" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை தலைக்குச் சாயம் அடித்துக்கொள்ளும் நான் என் தலையைத் தடவிக்கொண்டேன். என் மனைவி ருக்மிணி மட்டும் உள்ளே இருந்து சிரித்தாள்.

அவருடைய உம்மா சைனம்புவை மூன்று வருடம் முன்பு ஊரிலிருந்து அழைத்து வந்தார். எண்பத்திரண்டு வயது. அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மகன் சாப்பிடாமல் அவர் சாப்பிடமாட்டார். மைதீன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், மதியம் மணி அடித்து வீட்டுக்கு ஓடிவந்து அவன் சாப்பிட்ட பிறகுதான் அவர் தட்டைத் தொடுவாராம். இவர் ஹைதராபாத் வந்த பிறகும் தினமும் மதியம் போன் வரும். "சாப்ட்டியா?" ஆமாம் என்று இவர் சொன்ன பிறகு அங்கே அவர் சோற்றில் கை வைப்பார். நாற்பது வருடமாக இது நடந்தது. நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லி மெச்சிக்கொள்வோம். மெச்சியதுதான் மிச்சம்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அந்த அம்மாளுக்கு நினைவு நழுவ ஆரம்பித்தது. முதலில் ஊர் மறந்தது, அப்புறம் ஜுலைகாவை வேலைக்கு வந்த பெண் என்று நினைத்தார். ஒருநாள் மைதீன் பாய் அலுவலகத்திலிருந்து வந்து அறைக்குள் நுழைந்ததும், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏ புள்ள, யாரது செவத்த தாடி?" என்று ஜுலைகாவைக் கேட்டார். "ஆம்பளை இல்லாத வீட்டுக்குள்ள வாராரு. எம் மவன் வந்த பொறவு வரச் சொல்லு."

அன்றிலிருந்து சாப்பாடு நின்றுபோயிற்று. மகன் இன்னும் வரவில்லை, அவன் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிட என்று ஒரே பிடிவாதம். ஜுலைகா மருந்தைப் பாலில் கலந்து ஏதோ இரண்டு வாய் ஊற்றுவாள், அதுவும் பாதி துப்பப்பட்டுவிடும். "அவுக சாப்ட்டாச்சு மாமி" என்று சொன்னால், "என் கண்ணால பாக்கணும்" என்பார். மைதீன் பாய் பக்கத்து அறையிலிருந்து போன் செய்து பார்த்தார். குரல் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வாப்பா, சீக்கிரம் வா, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று தண்ணீர்கூட இறங்கவில்லை.

செகந்திராபாதில் காட்டிய டாக்டர், எடை இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். குழாய் போட்டால் பிடுங்குவார்கள், கையைக் கட்டவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். உம்மாவின் கையைக் கட்டுவதா என்று மைதீன் பாய் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வழி கண்டுபிடித்தவள் ருக்மிணி. உம்மாவின் அறை அலமாரியில் மைதீன் பாயின் பழைய படம் ஒன்று இருக்கிறது. முப்பது வயது, வெள்ளைச் சட்டை, கரிய தாடி. உம்மா அதை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். "அவுங்க தேடுறது அந்தத் தாடியத்தான். கறுப்படிச்சுட்டுப் போய் நின்னா தெரிஞ்சுக்கிடுவாங்க" என்றாள்.

"நல்ல வேளை, எங்கிட்டயே பாக்கெட் இருக்கு. உக்காரும், இப்பமே அடிச்சு விடுதேன்" என்றேன் நான்.

அவர் உட்காரவில்லை. மௌலானாவிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற தாய் பட்டினி கிடக்கிறாள், இவர் தாடிக்குச் சட்டம் கேட்கப் போகிறார் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்களும் கூட வாங்க" என்றார். போனேன்.

பள்ளிவாசல் வாசலில் செருப்பு அடுக்கின் பக்கத்தில் நின்று பேசினோம். மௌலானா வயதானவர், இந்த ஊர்க்காரர். அவர் தாடியும் மருதாணிச் சிவப்புதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மெஹந்தி லகாவ், பாய். வஸ்மா மிலாவ். காலா நக்கோ," என்றார். மருதாணியோடு அவுரிப் பொடி கலந்து போடு, கரும்பழுப்பு வரும், அதற்குத் தடையில்லை, முழுக் கறுப்பு மட்டும் வேண்டாம் என்று அர்த்தம். சில பெரியவர்கள் முழுக் கறுப்புக்கும் சலுகை சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் தான் படித்த வழியில் தன்னால் சரி என்று சொல்ல முடியாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால் அது இன்னும் பெரிய தப்பு என்றார். "மா கா மாம்லா ஹை. மேரெகு பி ரோனா ஆரா," தாய் விஷயம், எனக்கும் அழுகை வருகிறது என்று சொல்லி மைதீன் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவரைத் திட்டத்தான் நான் போயிருந்தேன். திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் திரும்பினேன்.

அவுரிப் பொடிக்குச் சார்மினார் பக்கம் அலைந்தோம். தேயிலைத் தண்ணீரில் முந்தின நாளே ஊறவைத்த மருதாணியில் அவுரியைக் குழைத்து, ஜுலைகா பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டாள். தாடி காய்ந்த புளி நிறத்துக்கு வந்தது. கீழ்வீட்டு ஸ்ரீனிவாஸ், "ஏமண்டி பாய்காரு, மறுபடியும் பெண்ணு பார்க்கிறீங்களா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேலி செய்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் சொன்ன சிரிப்பு இதுதான்.

மேலே போய் உம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் கதவருகில் நின்றோம். அந்த அம்மாள் முக்காட்டை இழுக்கவில்லை. உற்று உற்றுப் பார்த்தார். கையை நீட்டித் தாடியைத் தொடப்போய், தொடாமல் மடக்கிக்கொண்டார்.

"எம் மவன் சாயலா இருக்கிய," என்றார். "அவனுக்கு நீங்க என்ன சொந்தம்?"

மைதீன் பாய் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். அன்று அந்த அம்மாள் அவருக்காக நான்கு வாய் கஞ்சி குடித்தார். மகனுக்குச் சொந்தக்காரர் சொன்னால் தட்ட முடியாதே என்று குடித்திருக்கிறார். மறுநாள் அதுவும் இல்லை.

இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதே என்பதுதான் அவரைப் போட்டு வதைத்தது. இன்னும் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். லிஃப்டுக்குப் பக்கத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கணக்குச் சொல்வார். நான் வேலைக்காக வயதை மறைக்கவில்லை, கல்யாணத்துக்காக மறைக்கவில்லை என்பார். உடனே அவரே, "ஆனா உம்மாவ ஏமாத்தத்தான செய்யப்போறேன் அண்ணாச்சி? அம்பத்தெட்டு வயசுக்காரன் முப்பதுன்னு போய் நிக்கப்போறேன்" என்பார். "ஏமாத்தும்வே, நல்லா ஏமாத்தும், யாருக்கு நட்டம்?" என்று நான் கத்துவேன். இப்படியே பதினாறு நாள் போனது. உம்மா ஒரு கிலோ குறைந்திருந்தார்.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு அவராகவே என் வீட்டுக்கு வந்து பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அடிச்சு விடுங்க. அல்லாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

என் பாக்கெட்டைப் பிரித்துக் கிண்ணத்தில் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தடவினேன். தண்ணீர் குடித்தால்கூட பிஸ்மில்லா சொல்லிவிட்டுக் குடிக்கிற மனிதர். அன்றைக்கு அவர் உதடு அசையவில்லை. தப்பு என்று தெரிந்து செய்கிற காரியத்துக்கு ஆண்டவன் பெயரை எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பார். பிரஷ் வழுக்கிக் கன்னத்திலும் கொஞ்சம் கறுப்புப் பட்டுவிட்டது. ருக்மிணி எண்ணெய் தொட்டுத் துடைத்தாள்.

அரைமணி நேரம் கழித்துக் கழுவினார். படத்தில் இருப்பதுபோல வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரியே இருந்தார். ஜுலைகா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு தட்டில் சோறும் மீன் ஆணமும் போட்டாள், ஒன்று அவருக்கு, ஒன்று உம்மாவுக்கு. அவர் முதலில் சாப்பிடுவதை உம்மா பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. மணி பன்னிரண்டரை இருக்கும்.

"உம்மா, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அந்த அம்மாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பயமில்லை, முக்காடும் இழுக்கவில்லை. மைதீன் பாய் தரையில் உட்கார்ந்து ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டுக் காட்டினார்.

"உம்மா, நான் சாப்ட்டேன். நீங்களும் சாப்பிடுங்க" என்றார்.

"சாப்பிடு வாப்பா, நல்லாச் சாப்பிடு" என்றார் உம்மா. அப்புறம் மடியிலிருந்த படத்தை எடுத்து அவரிடமே நீட்டினார். "இந்தாங்க. இது ஒங்க போட்டோதான? யாரோ என் அலமாரில வச்சிட்டுப் போயிருக்காவ."

மைதீன் பாய் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். "இது உங்க மவன் உம்மா. மைதீனு" என்றார்.

உம்மா சிரித்தார். "எம் மவனுக்கு ஏது தாடி? இந்த நோம்பு வந்தாத்தான் ஏழு வயசு" என்றார். கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல மணி அடிச்சு எம்புட்டு நேரம் ஆச்சு, இன்னும் காணல. நீங்க வெளிய போறவருதான? வழியில பாத்தா, உம்மா பசியோட இருக்கா, சோறு ஆறுதுன்னு சொல்லி அனுப்புங்க."

ஜுலைகா சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மைதீன் பாய் மெதுவாக எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, உம்மாவின் முன்னால் குனிந்து, "சரி உம்மா, பாத்து அனுப்புதேன்" என்றார்.

சொன்னபடியே வெளியே வந்தார். நானும் பின்னால் வந்தேன். லிஃப்ட் வந்து நின்றது, கதவு திறந்தது. உள்ளே நாலு பேர்தான் இருந்தார்கள், இடம் இருந்தது. இவர் ஏறவில்லை. கறுத்த தாடியைக் கையால் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார். உள்ளே ஜுலைகா திரும்பவும் சோற்றைச் சூடாக்குகிற சத்தம் கேட்டது.