புளித்துப்போன தொட்டி

விறகுப் புகை ஆகவே ஆகாது என்று இருளம்மாளுக்கு டாக்டர் சொன்னதும், அவள் வீட்டுக்காரர் வேலுச்சாமி கொல்லையில் கோபர் கேஸ் தொட்டி கட்டினார். வீட்டில் இருந்ததோ ஒரே பசு. அது போடுகிற சாணத்துக்குச் சோறு பொங்கும். குழம்பு கொதிக்குமுன் அடுப்பு அணைந்துவிடும். மிச்சத்துக்கு விறகை மூட்டினால் இருமல் அவளை உலுக்கி எடுக்கும்.

உத்தமபாளையத்தில் வாக்கப்பட்ட மகள் யுவராணி வந்து பார்த்துவிட்டு, "மாசி பொறக்கவும் அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போயிருவேம்ப்பா. அங்கன சிலிண்டர் இருக்கு," என்று கறாராகச் சொல்லிப் போனாள்.

வேலுச்சாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அவர் வேலை பார்த்த பழரசக் கொட்டகைக்குப் பின்னால், திராட்சைச் சக்கை ஈ மொய்த்துக் குவிந்து கிடந்தது. அழுகினால் அதிலும் கேஸ் வரும்தானே? சைக்கிளில் மூட்டை கட்டி வந்தார். நீலச் சுடர் குழம்பைத் தாண்டி ரசம் வரைக்கும் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார். கொஞ்ச நாளில் தொட்டி புளித்து நாறியது. தொட்டி மேல் கேஸ் சேரும் இரும்பு டிரம் என்னவோ உயர்ந்துதான் மிதந்தது. ஆனால் அடுப்பில் வந்த காற்று பற்றாமல் தீக்குச்சியை அணைத்தது.

"நம்ம பசு ஒருக்கா பானைக் கஞ்சி மொத்தத்தையும் குடிச்சிட்டு வயிறு ஊதிக் கெடந்துச்சே, அப்ப என்னங்க செஞ்சீக?" என்றாள் இருளம்மாள்.

"பட்டினி போட்டேன்."

"இதுவும் வயிறுதான. என்னைய அனுப்ப மனசில்லாம அதப் போட்டுத் திணிச்சிருக்கீக."

சக்கையை நிறுத்தினார். புளிப்பு முறியச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்துத் தொழுவத்துக் கர்ணனிடம் சாணம் கேட்டு வாங்கினார். "தொட்டிக்குப் பத்தியமாய்யா?" என்று கர்ணன் கேலி பேசினார். தொட்டி தேறும்வரைக்கும் விறகடுப்பில் வேலுச்சாமியே உட்கார்ந்து ஊதினார். அவர் வைத்த உப்பில்லாத குழம்பை இருளம்மாள் வழித்துச் சாப்பிட்டாள். சுடர் மெல்லத் திரும்பிய பிறகு, தினமும் சாணத்தோடு ஒரு கை சக்கை மட்டும் கலந்தார்.

மாசியில் யுவராணி வந்தாள். அன்றைக்குச் சோறு, குழம்பு, ரசம் எல்லாம் இறக்கியும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இருளம்மாள் அப்பளமும் பொரித்தாள். சாப்பிட்டுக்கொண்டே அடுப்பையே பார்த்தாள் மகள்.

"அப்ப நீ வரலையாம்மா?"

"வராம என்ன ஆத்தா. ரெண்டு நாளு இருந்துட்டு ஓடியாந்துருவேன். ஆளில்லைன்னா ஒங்கப்பா மறுபடியும் மூட்டையோட கொட்டிப்புடுவாக."

வேலுச்சாமி காதில் விழாதவர்போல இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டார்.