தலைவர் சாப்பிட்ட எதிர்வீடு

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். சூரத், பெங்களூர் என்று லாரியிலும் ஓட்டலிலும் காலம் தள்ளிவிட்டு அடையாற்றங்கரைக்குத் திரும்பியபோது, எங்கள் குடிசை வரிசையை இடித்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பப் போவதாகப் பேச்சு. அப்போதுதான் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. டெல்லித் தலைவர் ஒருவர் எங்களில் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிடுவார் என்றார்கள். தலைவர் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டை எவனும் இடிக்கமாட்டான் என்று நினைத்தேன்.

மூன்று நாள் வேலைக்குப் போகாமல் சுவருக்குப் பச்சை டிஸ்டெம்பர் அடித்தேன். தி.நகர் நடைபாதையில் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். வீடு பார்க்க வந்த கட்சி வட்டச் செயலாளர் வாசலைத் தாண்டவில்லை.

"இன்னா நைனா, ஊட்ட கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கி வெச்சிக்கிற? போட்டோல இத்த ஏழ ஊடுன்னு எவன் நம்புவான்?"

எதிரே மீன் விற்கிற அக்காவின் வீடு. கூரையில் கிழிந்த தார்ப்பாய், அது பறக்காமலிருக்க சைக்கிள் டயர். பார்த்ததும் பிடித்துப்போயிற்று செயலாளருக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

தலைவர் சைவம். அதனால் மயிலாப்பூர் மெஸ்ஸிலிருந்து சாம்பார் காரில் வந்து, அக்காவின் பானைக்கு மாறியது. "என் ஊட்ல சாப்புடுவாராம், என் கொழம்பு மட்டும் ஆவாதாம்," என்று அக்கா சிரித்தார். கேமராக்களுக்குப் பின்னால் நின்று, தலைவர் முன்னால் அக்கா வாய் குழறித் திணற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தலைவர் இலைமுன் உட்கார்ந்தார். சாம்பார்க் கரண்டியைச் சோற்றுக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அக்கா கேட்டார்:

"நீங்க சாப்புட்டு போய்டுவீங்க. நாங்க எங்க போறது? அத்த சொல்லுங்க, ஊத்துறேன்."

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.

"அப்டியே சொல்லு தம்பி. கொறைக்காத."

தலைவர் வெறுஞ்சோற்றையும் கேமராக்களையும் பார்த்தார். பிறகு, இந்த வரிசையை யாரும் தொடமாட்டார்கள் என்றார். அதன்பிறகுதான் அக்கா ஊற்றினார்.

அந்தக் காட்சி போன் போனாகப் போயிற்று. எதிர்க்கட்சியும் தன் தேர்தல் அறிக்கையில் அதே வாக்குறுதியைச் சேர்த்தது. வேறு ஊர்க் குடிசைப் பெண்களும் சோறு போடுமுன் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கட்சிக்காரர்கள் அக்காவை விமானத்தில் டெல்லிக்குக் கூட்டிப்போனார்கள்.

என் வீடும் இன்று நிற்பது அக்காவால்தான். தலைவர் என் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு செல்ஃபி கேட்டிருப்பேன், அவ்வளவுதான். அது தெரிவதால் பொறாமை குறையவில்லை, கூடுகிறது. வேலைக்குப் போகிற இடத்தில் வீடு எங்கே என்று கேட்டால், "டெல்லித் தலைவரக் கேள்வி கேட்டாங்களே, அந்த அக்கா ஊட்டுக்கு எதிர் ஊடு" என்று நானே சொல்லவேண்டியிருக்கிறது.