பஞ்சுவின் வலது கை

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் கிடையாது. அவனுடைய சலூன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் வைத்தது. அவ்வளவு இலகுவான கை. கழுத்தில் கத்தி ஓடுவதே தெரியாது. நுரை பூசி முடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பேச்சில் மட்டும் அவன் மகா கஞ்சன். பக்கத்து நாற்காலியில் நின்று அவன் தம்பி ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் அளந்துகொண்டிருக்க, இவன் "கொஞ்சம் சாய்ங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

"வாயைத் திறந்தா முத்து கொட்டிடும்னு எங்கண்ணனுக்குப் பயம்" என்று தம்பி கிண்டல் செய்தால், அதற்கும் ஒரு சிரிப்போடு சரி.

அன்று வந்தவர் ஒரு லாரி டிரைவர். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நேரே வந்திருந்தார். நாற்காலியைச் சாய்த்ததுமே தூங்கிப்போனார். பஞ்சு இடது கையால் அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்து, தொண்டைக்குழியிலிருந்து மேல்நோக்கிக் கத்தியை இழுக்கப் போனான். அப்போது வலது கட்டைவிரல் துடித்தது.

துடித்தது என்றால், கண் துடிப்பது மாதிரி இல்லை. யாரோ உள்ளேயிருந்து நூல் கட்டிச் சுண்டுவது மாதிரி, விட்டு விட்டு, ஒரே தாளத்தில். பஞ்சுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தியைச் சட்டென்று இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். கழுத்தைக் காட்டிக்கொண்டு டிரைவர் குறட்டை விட்டார். தம்பி யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பஞ்சு தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அது பாட்டுக்கு ஆடியது. 'நில்' என்று அவன் சொன்னது அதன் காதில் விழவே இல்லை. பிறகு, வந்த மாதிரியே தானாக அடங்கியது.

விரலை நீட்டிப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. மீதிச் சவரத்தை முடித்து அனுப்பினான். டிரைவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "கை இல்லப்பா இது, பஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சு அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன் வந்தது. பிறகு சட்டைக்குப் பட்டன் போடும்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலில்தான் பிறக்கும். ஆனால் மணிக்கட்டு வரைக்கும் ஏறத் தொடங்கியிருந்தது. சவரம் என்று யாராவது வந்தால், "நீ பாரு, எனக்குக் கொஞ்சம் முதுகுவலி" என்று தம்பியிடம் தள்ளிவிட்டுக் கத்திரியோடு நின்றுகொண்டான்.

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அவள் கண்ணுக்குச் சின்ன விஷயம் தப்பாது.

"என்னங்க, டீயை இப்பல்லாம் இடது கையில பிடிக்கிறீங்க?"

"சும்மாதான்."

"சிரிச்சா வாய் ஒரு பக்கமா இழுக்குது. கண்ணாடியில பாத்தீங்களா?"

"நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாடிதானே நிக்கிறேன்" என்றான். உண்மையில் அவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதை விட்டு வெகுநாளாகியிருந்தது.

ஒரு விடுமுறைக் காலை. பால்கனியில் முக்காலி போட்டு மகளை உட்கார வைத்து முடி வெட்டினான். நாலாம் வகுப்புப் படிக்கிறவள். ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல ஆடாமல் இருக்கத் தெரியாது. காதை மடக்கிப் பிடித்துக் கத்திரி முனையைக் காதோரம் கொண்டுபோனபோது விரல் சுண்டத் தொடங்கியது. அடங்கிவிடும் என்று காத்திருந்தான். அடங்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது. கத்திரியைக் கீழே போட நினைத்தான். விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கத்திரியோடு கை மேலும் கீழும் வெட்டி வெட்டி இழுத்தது.

'தள்ளிப்போ' என்று சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை இருந்தது. அவனுக்கு அது தெரிந்தது. வாய்க்குத்தான் வரவில்லை.

காலால் முக்காலியை ஓங்கி உதைத்தான். குழந்தை குப்புற விழுந்து தாடை தரையில் மோதியது. "அப்பா!" என்று அவள் வீறிட்டதுதான் அவன் காதில் கடைசியாக விழுந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். வலது கை அடுத்தவர் கை மாதிரி பக்கத்தில் கிடந்தது. கட்டிலோரம் மகள் நின்றாள். தாடையில் தையல்.

"ஏம்பா என்னை உதைச்சீங்க?"

பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. மனைவி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். விழுந்து கிடந்தவன் கையில் கத்திரியைப் பார்த்தவள் அவள்தான். ஏன் உதைத்தான் என்பது அவளுக்கு அப்போதே புரிந்திருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இடது பக்கம் வெளுத்துத் தெரிந்த ஒரு திட்டைக் காட்டினார்.

"இது கட்டி. மெதுவா வளர்ற ரகம். ஆனா உக்காந்திருக்கிற இடம் பொல்லாதது. இந்தப் பக்கம் வலது கையை ஆட்டுற இடம். அதுக்குக் கீழயே பேச்சு. கட்டி சீண்டுறப்பல்லாம் விரல் துடிக்குது. அது பரவினா வலிப்பு."

"எடுத்துடலாமா?" என்றாள் மனைவி.

"எடுக்கலாம். அவர் முழிச்சிட்டிருக்கும்போதே எடுக்கணும்."

"மண்டையைத் திறந்து, முழிச்சிருக்கும்போதேவா?"

"மூளைக்கு வலி தெரியாதும்மா. தோலும் எலும்பும்தான் வலிக்கும், அதை மரத்துப்போக வச்சிடுவோம். எதைத் தொட்டா பேச்சு நிக்குது, எதைத் தொட்டா கை நிக்குதுன்னு அவரைப் பேச வச்சுப் பாத்துதான் வெட்ட முடியும்."

"இவரைப் பேச வைக்கப் போறீங்களா?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் முயற்சி பண்றேன் டாக்டர்."

அறுவைக்கு முன்னால் தம்பி வந்து மெஷினால் அண்ணன் தலைமுடியை ஒட்ட வெட்டினான். ஓயாமல் பேசுகிறவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் ஒட்டிய முடியை மட்டும் தட்டித் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான்.

அறுவை அரங்கில் பஞ்சுவின் தலையை ஒரு இரும்புப் பிடியில் அசையாமல் பூட்டியிருந்தார்கள். மயக்கம் தெளிந்தபோது எலும்பைத் திறந்து முடித்திருந்தார்கள். முகத்துக்கு மேலே பச்சைத் துணிக் கூடாரம். உள்ளே ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பெண் உட்கார்ந்து படம் படமாகக் காட்டினாள்.

"இது என்ன?"

"குடை."

"இது?"

"கரண்டி."

"நல்லது. இப்ப உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க. நிறுத்தாம சொல்லுங்க."

பஞ்சு சொன்னான். பிரஷ்ஷை எப்படி நனைப்பது, நுரையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, முடி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று விரலால் எப்படிப் பார்ப்பது. இத்தனை வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. "அப்புறம் தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு..." என்றவன் நின்றுவிட்டான். அடுத்த வார்த்தை கத்தி. கத்தி கண்முன் பளபளவென்று தெரிந்தது. அதன் பெயர் எங்கோ அறுந்து விழுந்திருந்தது.

"பேச்சு நின்னுடுச்சு" என்றாள் அந்தப் பெண் உரக்க.

"சரி, அங்க தொடல" என்றது கூடாரத்துக்கு வெளியேயிருந்து டாக்டரம்மாவின் குரல். உடனே வார்த்தை வந்துவிட்டது. "கத்தி" என்றான் பஞ்சு. வியர்த்துக் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் வலது கட்டைவிரல் சுண்டியது. அதே துடிப்பு, அதே தாளம்.

"வருது டாக்டர்! வருது!" என்று அலறினான்.

"பயப்படாதீங்க. வரல. அது நான்தான்."

அந்தப் பதில் அவனை இன்னும் கலங்க வைத்தது. இத்தனை காலமும் சொந்தம் என்று நினைத்திருந்த கையை, முகம் தெரியாத இடத்திலிருந்து வேறொருவர் ஆட்டிக்கொண்டிருந்தார். விரலை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள். மறுபடி மறுபடி. ஒரு கட்டத்தில் மடக்கிய விரல் நிமிர நேரமெடுத்தது.

"மெதுவாகுது டாக்டர்" என்றாள் பயிற்சியாளர்.

வெளியே எதையோ தட்டில் வைக்கும் சத்தம். பிறகு, "போதும். நிறுத்திக்கிறேன்" என்று கேட்டது.

பிறகு வார்டில் டாக்டரம்மா மூடி மறைக்காமல் சொன்னார். "பெரும்பகுதியை எடுத்துட்டேன். கைக்குப் போற இடத்துல ஒட்டியிருந்ததை விட்டுட்டேன். எடுத்திருந்தா கை அதோட போயிருக்கும்."

"விட்டது என்ன பண்ணும்?" என்று கேட்டாள் மனைவி.

"தூங்கும். எப்ப எழுந்திரிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

முதலில் கை கட்டையாகத்தான் கிடந்தது. பிசியோதெரபியில் ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து, கோடை போய் மழை வந்தபோது, கத்திரி பிடிக்கும் அளவுக்குத் தேறியது. கடைக்குப் போனான். மாத்திரையை வேளை தவறாமல் போட்டான். முடி வெட்டினான். சவரக்கத்தியை மட்டும் தொடவில்லை. பழைய ஆட்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "மன்னிச்சுக்கோங்க, தம்பி பண்ணுவான்" என்றதோடு சரி. வீட்டில் மகள் அவன் வலது பக்கமாகத்தான் வந்து ஒட்டிக்கொள்வாள், அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வாள். ஆனால் முடி வெட்ட அவனிடம் உட்கார மாட்டாள். அவளை மனைவி வேறு கடைக்குக் கூட்டிப்போனாள்.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. பஞ்சு பேசத் தொடங்கியிருந்தான். வாடிக்கையாளரிடம், தெருவில் போகிறவரிடம், சாப்பிடும்போது மனைவியிடம், கண்டதையும் கேட்டதையும். தம்பிக்கே இடம் கிடைக்கவில்லை.

"என்னங்க இது, திடீர்னு?" என்றாள் மனைவி.

"எந்த வார்த்தை முதல்ல போகும்னு தெரியலையே. இருக்கும்போதே பேசிடறேன்."

அன்றிலிருந்து அவன் பேசும்போதெல்லாம் அவள் வார்த்தையைக் கேட்பதில்லை. வாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு தடவை டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே மனைவி பஞ்சுவின் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

"ஓரத்துல கொஞ்சம் தடிச்சிருக்கு. ரேடியேஷன் கொடுத்துடலாம்."

அதற்கு முதலில் ஒரு முகமூடி செய்ய வேண்டும் என்றார்கள். மேசையில் படுக்க வைத்தார்கள். வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை எடுத்து நெற்றியிலிருந்து தாடை வரை இழுத்துப் போர்த்தினார்கள். முதலில் கதகதப்பாக இருந்தது. ஆற ஆற இறுகியது. பிறகு விளிம்புகளை மேசையோடு சேர்த்துப் பூட்டினார்கள்.

"அசையாதீங்க. பேசவும் கூடாது" என்றார் டெக்னீஷியன்.

எல்லோரும் வெளியே போனார்கள். கனத்த கதவு சாத்திக்கொண்டது. மூடிய உதடுகளுக்குள்ளே பஞ்சு வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். குடை. கரண்டி. மனைவியின் பெயர். மகளின் பெயர். எல்லாம் இருந்தன. தலைக்கு மேலே இயந்திரம் மெல்லச் சுழலத் தொடங்கியது.