மெடம் கொண்டுவந்த போத்தல்

என் பையை மெடம் கவிழ்த்தபோது முதலில் விழுந்தது சோற்றுப் பெட்டி. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட எழும்ப விடாததால் பெட்டி நிறைந்தபடியே இருந்தது. மூடி கழன்று சோறும் இறால் கறியும் மேசையில் கொட்டின. அதன்மேல் சீப்பு விழுந்தது, பஸ் காட் விழுந்தது, கடதாசியில் சுற்றி வைத்திருந்த நப்கின் விழுந்தது. மெடம் எதையும் கையால் தொடவில்லை. பென்சில் முனையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று குறைகிறதாம். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் வாங்கியவள் அதை எடுத்துக்கொண்டு போகப் பார்ப்பாள் என்பது அவருடைய எண்ணம். முழு லைனும் மெஷின்களை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்து மெஷின்காரிதான் மெல்லச் சொன்னாள், கத்தரி என் மெஷினில் கட்டியபடியே தொங்குகிறது என்று. மெடம் திரும்பி அதைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி. மேசையத் துடைச்சிற்றுப் போ" என்றார்.

என் சால்வையால் துடைத்தேன். வேறு துணி தரவில்லை.

பிரதான வீதியோரம் இருந்த அந்த ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் தைத்தவள் நான். மெடம் எங்கள் லைனின் சுப்பர்வைசர். கரடியனாற்றுப் பக்கத்தவர். தொழிற்சாலைக்குக் கிட்ட ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும், கலியாணம் கட்டவில்லை. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சாரி, காலில் வெள்ளைச் சப்பாத்து. அந்தச் சப்பாத்துச் சத்தம் முதுகுக்குப் பின்னால் நின்றால் எங்களுக்கு ஊசி எங்கே இறங்குகிறது என்றே தெரியாமல் போகும். பிழையாகத் தைத்த பீஸை எங்கள் நெஞ்சில், சட்டையோடு ஊசியால் குத்திவிடுவார், வேலை முடியும்வரை அதோடுதான் இருக்க வேண்டும். ஒருநாள் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்தபோது என் நெஞ்சில் ஒரு காற்சட்டைக் கால் தொங்கியது. வந்தவர்களில் ஒருவர் அதைப் படம் எடுத்தார். மயங்கி விழுந்த பிள்ளையைத் தண்ணீர் தெளித்து எழுப்பி, கண் திறந்ததும் மெடம் கேட்டது, "டாகட் என்னாச்சி?" என்றுதான். நாளொன்றுக்குத் தைத்து முடிக்க வேண்டிய கணக்குத்தான் டாகட். அவரிடம் எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு கேள்வி.

ஓடர் குறைந்துவிட்டது என்று ஆட்களைக் குறைத்தார்கள். எத்தனை பேர் என்பதை மேலே தீர்மானித்தார்கள். யார் என்பதை மெடம்தான் தீர்மானித்தார். என் பெயர் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. கடிதத்தைத் தந்துவிட்டு பஸ் காட்டை வாங்கிக்கொண்டதால் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற முடியவில்லை. என் ஊரான தேற்றாத்தீவுக்கு நடந்தேன். செட்டிபாளையத்தில் அந்த பஸ் என்னைக் கடந்து போனது. ஆறு வருடம் என்னோடு பக்கத்தில் இருந்து தைத்தவர்கள் யன்னலுக்குள்ளே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் முன்பு அப்படித் திரும்பியிருக்கிறேன்.

மாங்காட்டை நெருங்கும்போது வீதியோரக் கானுக்குள் ஒரு லொறிப் படங்கு கிடந்தது. நெல் மூட்டைகளின்மேல் மூடிக் கட்டுகிற தடித்த பச்சைப் படங்கு. கயிறு அறுந்து பறந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அது தேவை என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். சேறும் தண்ணீரும் ஏறிப் பிணம்போலப் பாரமாக இருந்த அதை இழுத்தும் தூக்கியும் கொண்டுபோய் வளவுக்குள் போட்டபோது, என் கணவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் எழும்பி நின்று என்னைப் பார்த்தார், படங்கைப் பார்த்தார். மறுநாள் அதை ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தோணியோடு கட்டி அலசிக் கொண்டுவந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது.

என் சீதனத்தில் வந்த பழைய மிதி மெஷினில் அதைப் பைகளாகத் தைத்தேன். சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர்களும் மரக்கறி கொண்டுபோகிறவர்களும் வாங்கினார்கள். தண்ணீர் ஒழுகாது, அடி கிழியாது. பிறகு விடிந்ததும் சைக்கிளில் வீதிக்குப் போகத் தொடங்கினேன். வாகனம் ஓடுகிற வீதி எவ்வளவைத் தவறவிடுகிறது என்பது அதில் ஓரமாகப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். கயிறு, ரப்பர் பட்டி, மழைக்கோட், மோட்டார் சைக்கிள் சீட் உறை, ஒற்றைச் செருப்பு, உள்துணி கிழிந்த ஹெல்மெட். பெயர் எழுதிய பொருளென்றால் வேலியில் தொங்கவிடுவேன், சிலர் தேடி வருவார்கள். மற்றதை வெட்டித் தைப்பேன். ஊரில் எனக்கு 'பொறுக்கி' என்று பெயர் வைத்தார்கள். என் காதுபடவே சொன்னார்கள். என் மாமியார் கோயிலுக்குப் போகும்போது என்னோடு சேர்ந்து போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஏறாவூர் முஸ்லிம் லொறிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, மாங்காட்டடியில என்ட படங்கு ஒண்டு விழுந்திச்சி. நீங்கதான் எடுத்ததெண்டு சொன்னாங்க."

"எடுத்தது நான்தான் காக்கா. ஆனா வெட்டிட்டன்."

வேலியில் தொங்கிய பைகளைப் பார்த்தார். "இதெல்லாம் என்ட படங்கா?"

"ஓம்."

அவர் ஒரு பையை எடுத்துத் தையலை இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தோடு இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். தையல் விடவில்லை. "போனது போகட்டும். லொறியில மத்தது கிழிஞ்சி கிடக்கு. இதே மாதிரித் தைச்சித் தருவீங்களா?" என்றார். அவர் சொல்லி ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் லொறிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வருடத்தில் வளவுக்குள் தகரக் கொட்டில் ஒன்று எழும்பியது. மின்சாரத்தில் ஓடும் மெஷின் ஒன்று வந்தது. உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பொறுக்கி என்ற பெயர் போய், படங்குக்காரி என்றார்கள்.

அந்தக் கொட்டிலுக்குத்தான் மெடம் வந்தார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். எங்கள் பழைய பிள்ளைகள் பலரை வேறொரு தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. மெடத்தின் வயதுக்காரரை எவரும் எடுக்கவில்லை. கரடியனாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சாரியில் கஞ்சி இல்லை. சப்பாத்துக்குப் பதில் ரப்பர் செருப்பு.

"இஞ்ச தையலுக்கு ஆள் எடுக்கிறதெண்டு கேள்விப்பட்டன், தங்கச்சி" என்றார்.

என்னைத் தெரியாதவர்போலவே கதைத்தார். அது ரோசம் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினில் அவரை நான் உட்கார விடவில்லை. படங்கின் மூலைகளைச் சாக்கூசியால் கையில் தைக்கிற வேலையைக் கொடுத்தேன். எங்கள் வேலையில் அதுதான் மிகக் கடினம். மற்றவர்கள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே இத்தனை வருடம் நின்றவரின் கை வேலையை மறந்திருந்தது. ஊசி விரலில் ஏறியது. பச்சைப் படங்கில் இரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். முதல் நாள் அவர் தைத்த மூலையைப் பிரித்து, அவர் மடியில் எறிந்தேன். "இதுதான் டாகட்டா, மெடம்?" என்றேன். மெடம் என்று அழுத்தித்தான் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றும்போது அவருக்கு மட்டும் கடைசியில், ஆறிய பிறகு கொடுத்தேன். ஒருநாள் கோணலாகப் போன துண்டை அவர் தோளில் குத்திவிட்டேன். உதவிக்கு இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மெடம் அந்தத் துண்டோடு பொழுதுபடும்வரை தைத்தார், போகும்போது கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"நீ செய்றது நல்லால்ல" என்றார் என் கணவர்.

"அவ எனக்குச் செய்ததுக்கு முன்னால இது என்ன?"

அவர் தோணிக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் அவர் கூடுதல் நேரம் ஆற்றிலேயே இருந்தார்.

பிறகு இன்னொன்று செய்தேன். எங்கள் பழைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புதிய தொழிற்சாலையின் பஸ் காலை ஏழு மணிக்கு எங்கள் ஊரைக் கடக்கும். அந்த நேரத்துக்கு, முதல் பஸ்ஸில் வந்துசேரும் மெடத்தின் கையில் சாக்கு ஒன்றைக் கொடுத்து, "இனி ரோட்டில கிடக்கிறத நீங்க பொறுக்கிற்று வாங்க. கண்ணில பட்டதெல்லாம் எடுங்க" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சைக்கிளில் பின்னால் போய் ஒரு கடை ஓரமாக நின்றேன். பார்க்க வேண்டும்போல இருந்தது.

பஸ் வந்தது. முதலில் யாரோ ஒருத்தி கூவினாள். பிறகு யன்னல்கள் எல்லாம் தலைகளாயின. "மெடம், டாகட் முடிஞ்சிதா?" "சாக்கக் கவுத்துப் பாருங்கடி, கத்தரி கிடக்கும்!" சிரிப்பு. யாரோ ஒரு போத்தலை எறிந்தார்கள். பாதி பிளேன்டி இருந்த போத்தல் அவர் தோளில் பட்டு, சாரியெல்லாம் தெறித்து, வீதியில் உருண்டது. மெடம் அசையாமல் நின்றார். பஸ் மறைந்ததும் குனிந்து அந்தப் போத்தலை எடுத்தார், மிச்சத் தேத்தண்ணியை ஊற்றினார், சாக்குக்குள் போட்டார். நான் வேறு பாதையால் வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் வந்து என் முன்னால் சாக்கைக் கொட்டினார். ஒரு கயிற்றுத் துண்டு, ஒரு செருப்பு, ஒரு சில்லு மூடி, அந்தப் போத்தல்.

"இதென்ன போத்தல்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ரோட்டில கிடந்திச்சி. எல்லாத்தையும் எடுக்கச் சொன்னீங்க" என்றார்.

அன்றோடு நான் நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிவந்திராது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அனுப்பினேன். அதற்கடுத்த நாளும். ஒரு கிழமை போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டு கிழமை பார்த்துவிட்டுக் கணவரோடு மோட்டார் சைக்கிளில் கரடியனாற்றுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அவர் வாயால் என்னிடம் மன்னிப்புக் கேட்க வைக்கப் போனேன். ஒன்றும் சொல்லாமல் அவர் போய்விட்டது எனக்குத் தோல்விபோல இருந்தது.

வெட்டு முடிந்த காலம். மெடம் வயல் வட்டையில் சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கி வந்து முற்றத்தில் இருந்து புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் அவருடைய தாயார் நினைவில்லாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மெடம் எழும்பி நொண்டியபடி போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர் காலில் துணி சுற்றியிருந்தது. "கால் புண்ணாப் போச்சி தங்கச்சி, அதான் வரேல்ல. சொல்லி அனுப்ப ஆளில்ல" என்றார். பிளேன்டி கொண்டுவந்து கொடுத்தார், சூடாக. பிறகு கீழே உட்கார்ந்து, சுளகைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்டு கேக்கட்டா? கோவிக்கக் கூடா. நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

நடிக்கிறார் என்று நினைத்தேன். "உங்கட லைன்ல ஆறு வருஷம் இருந்தனான்" என்றேன்.

தலையை நிமிர்த்தினார். "எந்த லைன்ல?"

சொன்னேன். கத்தரியைச் சொன்னேன், சோற்றைச் சொன்னேன், காற்சட்டைக் காலைச் சொன்னேன், நடந்து வந்ததைச் சொன்னேன். யாரோ ஒருவருக்கு நடந்ததைக் கேட்பதுபோல அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். தேடுகிறார் என்று தெரிந்தது. அகப்படவில்லை என்பதும் தெரிந்தது.

"நிறையப் பேருட பேக்கக் கவுத்திருக்கிறன், தங்கச்சி. ஒவ்வொரு முகத்தையும் ஞாபகம் வெச்சிருந்தா அந்த வேலையச் செய்திருக்க ஏலா" என்றார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி என் கணவர்தான் சொன்னார். மெடம் தாயாரைக் காட்டி, ஏலாது என்று தலையாட்டினார். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அதற்கடுத்த வருடம் தாயார் இறந்ததாகவும், மெடம் அந்த ஊரை விட்டுப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டேன். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

இப்போது கொட்டிலில் ஆறு மெஷின்கள் ஓடுகின்றன. நான் வீதிக்குப் போவதில்லை, அதற்கு நேரமில்லை. லொறிகள் வாசலுக்கே வருகின்றன. போன மாதம், என்னிடம் எட்டு மாதம் வேலை செய்த பெண்ணொருத்தி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், சொல்லாமல் நின்றுவிட்டாள். நல்ல கைக்காரி. அவளைக் களுவாஞ்சிகுடிச் சந்தையில் கண்டபோது கூப்பிட்டேன்.

"ஏன் வாறல்ல? வேலை குவிஞ்சி கிடக்கு."

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால நீங்க சொன்ன சொல்லுக்குப் பிறகு எப்பிடி வாற?" என்றாள்.

"நான் என்ன சொன்னன்?"

அவள் என்னையே பார்த்தாள். நான் யோசித்தேன். உண்மையாகவே நின்று யோசித்தேன், எந்த நாள், எந்தப் படங்கு, யார் யார் இருந்தார்கள் என்று. ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டாள். அந்தச் சொல் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.